பெயர், இடம், அதிகாரம்: நார்வே முகவரி ஒன்றை வாசித்தல்

1

இந்தப் பத்திரிகைக்கு வெளிநாட்டுச் சந்தாதாரர் என்று இருப்பவர்கள் மொத்தம் பதினேழு பேர். இதழைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, பசை தடவி, முகவரி எழுதி, தபாலாபீஸ் வரிசையில் நிற்கிற வேலை மூன்று வருஷத்துக்கு முன்னால் என் தலையில் விழுந்தது. அதுவரை அதைச் செய்துவந்த நண்பர் ஒரு நீளமான கோடு போட்ட நோட்டை என்னிடம் கொடுத்தார். நார்வேயில், ஆஸ்லோ நகரத்தில் இருக்கிற ஓர் ஈழத்து விமர்சகரின் முகவரியும் அதில் இருந்தது. ஆனால் பேர்தான் இடித்தது. எண்பதுகளின் கடைசியிலிருந்து அவர் நமக்கெல்லாம் ஒரு புனைபெயரில்தான் பழக்கம். நோட்டிலோ கேள்வியே படாத வேறொரு பேர். நண்பர் அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டார் போல என்று நானே அதைத் 'திருத்தி', புனைபெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன். இரண்டரை மாசம் கழித்து, மூலைகள் நசுங்கி, இப்படியொரு ஆள் இங்கே இல்லை என்ற சீட்டோடு இதழ் திரும்பி வந்தது.

போன் பண்ணிக் கேட்டேன். "அந்தப் பேரில இஞ்ச ஒருத்தரும் இல்லை, தம்பி. என்ர தபால்பெட்டியில அப்பான்ர பேர்தான் ஒட்டிக் கிடக்கு" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அந்தப் பேரையும் இந்த விலாசத்தையும் ஒரே தாளில எழுத வேண்டாம் எண்டு முந்தியே சொல்லி வச்சனான்" என்றார்.

இந்த இரண்டு வாக்கியங்களும் என்னை ரொம்ப நாள் விடவில்லை. முதல் வாக்கியம் பெயர் பற்றியது. இரண்டாவது, பெயரும் இடமும் சேர்வது பற்றியது. முகவரி என்பது இவை சேருகிற புள்ளி. தமிழ் இலக்கணத்தில் 'விளி' எட்டாம் வேற்றுமை. ஒருவரைக் கூப்பிடும்போது பெயர் கொஞ்சம் திரிகிறது, நீள்கிறது, ஈறு கெடுகிறது. கூப்பிடப்படுவதற்காகப் பெயர் தன் உருவத்தை மாற்றிக்கொள்கிறது என்று சொல்லலாம். அல்தூஸர் சொல்கிற 'விளித்தல்' நமக்குப் பழக்கமானதுதான்: தெருவில் போலீஸ்காரர் கூப்பிடுகிறார், திரும்பிப் பார்க்கிறவர் அந்தத் திரும்பலிலேயே அதிகாரத்தின் 'தன்னிலை'யாக ஆகிவிடுகிறார். கடித உறையின் மேல் இருக்கிற நாலு வரிகளும் அப்படியொரு கூப்பிடல்தான். ஆனால் இங்கே கூப்பிடுகிறவர் பலர்: கடிதம் எழுதுகிறவர், தபால்காரர், அரசாங்கம். ஒவ்வொருவரும் கூப்பிடுகிற பேர் ஒன்றுதானா? நார்வே முகவரி இந்தக் கேள்விக்கு நல்ல உதாரணம். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

2

தனிமனிதர் யாருடைய முகவரியும் வேண்டாம். அந்த நாட்டு நாடாளுமன்றத்தையே எடுத்துக்கொள்வோம்: கார்ல் யோஹான்ஸ் காத்தெ 22, அடுத்த வரியில் 0026 ஆஸ்லோ. 'காத்தெ' என்றால் தெரு. தெருப்பெயர் முதலில், கட்டட எண் பின்னால். நம்மைப் போலக் கதவு எண்ணை முன்னால் போடுவதில்லை. ஒரே எண்ணில் பல வாசல்கள் இருந்தால் எண்ணோடு ஒட்டி ஓர் எழுத்து வரும், 12ஏ, 12பி என்று. வரிக் கடைசியில் காற்புள்ளி கிடையாது. கடைசி வரியில் நாலு இலக்க அஞ்சல் எண், அதை அடுத்து ஊர்ப்பெயர். அவ்வளவுதான். மாவட்டம், மாநிலம், 'பக்கத்தில் வேப்பமரம்' எதுவும் கிடையாது.

நாலு இலக்கங்கள் 1968 மார்ச் 18-இல் நடைமுறைக்கு வந்தன. (நம் ஆறு இலக்க பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-இல் வந்தது.) அந்த எண்களை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு 'கதையாடல்' கிடைக்கிறது. ஆஸ்லோ பூஜ்யத்தில் தொடங்குகிறது. 1, 2, 3 தலைநகரைச் சுற்றியுள்ள கிழக்குப் பகுதிகள். பிறகு தெற்குக் கரையைத் தொட்டு 4, மேற்கில் பெர்கன் பக்கம் 5, அதற்கு மேலே 6, ட்ரோண்ட்ஹைம் பகுதி 7, வடக்கே 8, கடைசியாகத் துருவத்தை ஒட்டி 9. ரஷ்ய எல்லைக்கு அருகிலுள்ள வார்டோ என்ற மீன்பிடி ஊர் 9950. தலைநகரிலிருந்து கிளம்பி நாட்டைச் சுற்றிக்கொண்டு விளிம்புக்குப் போகிற பயணம் ஒவ்வொரு உறையிலும் அச்சாகியிருக்கிறது. மையத்துக்குக் கிடைத்திருப்பது பூஜ்யம் என்பது ஒரு வேடிக்கை. அந்தப் பூஜ்யத்தை விட்டுவிட்டால் எண்ணுக்கு மூன்று இலக்கம்தான் மிஞ்சும், அது அஞ்சல் எண்ணே ஆகாது. 0026 என்பது நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உரிய எண். தெருப்பெயர் நேரில் போகிறவருக்கு; கடிதத்துக்கு அந்த எண்ணே போதும். தெருப்பெயரில் இருக்கிற கார்ல் யோஹான், பிரெஞ்சுத் தளபதி பெர்னடோட்டாக இருந்து ஸ்வீடனுக்கும் நார்வேக்கும் அரசனானவர். ஆக, அரசன் பேரில் தெரு, தெருவில் ஜனநாயகம்.

கிராமப்புறத்து எண்கள் இன்னும் சுவாரஸ்யமானவை. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கிற சாலைகளில் எண் என்பது வீடுகளை எண்ணிப் பார்த்த கணக்கு இல்லை, தூரத்தின் அளவு. சாலை தொடங்குகிற இடத்திலிருந்து பத்து மீட்டருக்கு ஓர் எண். வீட்டு எண் 150 என்றால் சாலைத் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய 1500 மீட்டர். இரட்டைப்படை வலப்பக்கம், ஒற்றைப்படை இடப்பக்கம். 148-க்கும் 150-க்கும் நடுவில் புதுசாக ஒரு வீடு முளைத்து எண்களைக் குழப்புகிற பிரச்சினை இதில் பெரும்பாலும் வராது. பனியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவருக்கு அந்த எண்ணே மைல்கல் மாதிரி.

இத்தனை துல்லியத்துக்குப் பிறகும் கடிதம் போய்ச் சேர இன்னொன்று வேண்டும்: தபால்பெட்டியில் பேர். அடுக்குமாடிகளில் கீழே வரிசையாகப் பெட்டிகள், கிராமத்தில் சாலையோரம் கும்பலாகப் பெட்டிகள். எண் கட்டடம் வரை கொண்டுவந்து விடும். அங்கிருந்து பெட்டிக்குப் போக, உறையில் இருக்கிற பேரும் பெட்டியில் ஒட்டியிருக்கிற பேரும் பொருந்த வேண்டும். நம் ஊரில் தபால்காரர் ஆளை அறிவார், புனைபெயரையும் அறிவார், 'கதை எழுதுறவரு வீடா' என்று கேட்டுக்கொண்டு வருவார். அங்கே தபால்காரர் வாசிப்பது பிரதியை மட்டும்தான். என் இதழ் திரும்பி வந்தது இந்தக் கடைசி அடியில்.

3

இது தபாலுக்கான முகவரி. அரசுக்கு இன்னொரு முகவரி இருக்கிறது. அடுக்குமாடியில் உள்ள ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஓர் எழுத்தும் நாலு இலக்கமும் கொண்ட எண் உண்டு. ஹெச்-0203 என்று வைத்துக்கொள்வோம். ஹெச் என்றால் முதன்மைத் தளம். அதுபோலக் கீழ்த்தளத்துக்கு யு, நிலவறைக்கு கே, பரணுக்கு எல். அடுத்த இரண்டு இலக்கம் எத்தனையாவது தளம் என்பது. கடைசி இரண்டு, அந்தத் தளத்தில் இடமிருந்து வலமாக எண்ணினால் எத்தனையாவது வீடு என்பது. 2001-ஆம் ஆண்டு மக்கள்தொகை, குடியிருப்புக் கணக்கெடுப்புக்காகத்தான் இந்த எண்கள் வந்தன. கதவுகளில் சிறு ஒட்டுத்தாளாக ஒட்டப்பட்டன. அஞ்சல் முகவரியில் இதை எழுத வேண்டிய கட்டாயமில்லை. மக்கள்பதிவேட்டில்தான் இதற்கு வேலை. வீடு மாறினால் எட்டு நாளைக்குள் பதிவேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். 1964-இலிருந்து ஒவ்வொருவருக்கும் பதினொரு இலக்க எண்ணும் உண்டு. முதல் ஆறு பிறந்த தேதி, மீதி ஐந்து அவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்ட.

இதை உடனே ஃபூக்கோவின் கண்காணிப்புக் கோபுரம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். நம் பத்திரிகைகளில் அப்படிச் சொல்லிச் சொல்லி அந்தக் கோபுரமே தேய்ந்துபோய்விட்டது. இதே பதிவேடுதான் அங்கே ஓய்வூதியத்தையும் குழந்தைக்கான உதவித்தொகையையும் வாக்குரிமையையும் கொண்டுவந்து சேர்க்கிறது. நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. அரசுக்கு ஆளைக் கண்டுபிடிக்க இனிமேல் பேரே தேவையில்லை. பதினொரு இலக்கமும் ஹெச்-0203-ம் போதும். அப்படியிருந்தும் பேர் விஷயத்தில் அது ரொம்பக் கண்டிப்பாகச் சட்டம் போட்டு வைத்திருக்கிறது. ஏன்? இதற்குப் பதில் தேட, தெருக்கள் இல்லாத காலத்துக்குப் போக வேண்டும்.

4

நார்வே நெடுங்காலம் கிராமங்கள்கூட இல்லாத நாடு. தனித்தனிப் பண்ணைகள், ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு பேர். பெர்க் என்றால் மலை, டால் பள்ளத்தாக்கு, ஹௌகென் மேடு, பாக்கென் சரிவு. 'ரூட்' என்று முடிந்தால் காடு வெட்டித் திருத்திய நிலம். ஓலுஃப் ரூக் என்ற அறிஞர் தொடங்கிவைத்த நார்வேப் பண்ணைப்பெயர்த் தொகுதிகள் 1897-இலிருந்து 1936 வரை வந்துகொண்டிருந்தன என்றால் அந்தப் பேர்களின் கனம் புரியும். வரிவிதிப்புக்காக ஒவ்வொரு பண்ணைக்கும் ஓர் எண், பண்ணை பிரிக்கப்பட்டால் ஒவ்வொரு பங்குக்கும் ஓர் உள்-எண் என்று பதிவும் இருந்தது. இந்த இரட்டை எண் நிலப்பதிவில் இன்றைக்கும் உண்டு.

மனிதர்களின் பேர் மூன்று துண்டு. உதாரணத்துக்கு, ஹான்ஸ் என்பவரின் மகன் ஓலே, பாக்கென் பண்ணையில் வசிக்கிறான் என்றால் அவன் 'ஓலே ஹான்சென் பாக்கென்'. 'சென்' என்றால் மகன், 'தாத்தர்' என்றால் மகள். ஓலேயின் மகள் காரி என்றால் 'காரி ஓல்ஸ்தாத்தர்'. கல்யாணம் ஆனாலும் அவள் ஓலேயின் மகள்தானே, அதனால் அந்தப் பேர் மாறாது. மாறுவது மூன்றாவது துண்டு. ஓலே பாக்கெனை விட்டு ஹௌகென் பண்ணைக்குக் குடிபோனால் அன்றிலிருந்து அவன் 'ஓலே ஹான்சென் ஹௌகென்'. பெண்ணுக்குச் சொந்தமான பண்ணையில் மாப்பிள்ளையாகப் போய் உட்கார்ந்தவன் அந்தப் பண்ணையின் பேரையே ஏற்றான். அதாவது மூன்றாவது துண்டு வம்சத்தின் பேர் இல்லை, முகவரி. இங்கே இடம் ஆளுக்குப் பேர் வைக்கிறது.

நன்னூல் படித்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஹான்சென் என்பது காரணப்பெயர்: ஹான்ஸின் மகன் என்ற காரணம் இருக்கிறவரை மட்டுமே அது செல்லும். ஹௌகென் இடத்தால் வந்த பெயர்: அங்கே இருக்கிறவரைதான் அது ஆளைச் சுட்டும். குறிப்பானுக்கும் குறிக்கப்படுவதற்கும் நடுவில் உண்மையான ஒரு கயிறு கட்டியிருந்தது.

இந்தக் கயிறு யார் கழுத்தில் எப்படி விழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பண்ணையின் பேர் பண்ணைச் சொந்தக்காரருக்கு மட்டும் இல்லை. அங்கே வேலைசெய்தவர்கள், பண்ணையின் ஓரத்தில் ஒரு துண்டு நிலத்தில் குடிசை போட்டுக்கொண்டு அதற்கு ஈடாக உழைப்பைக் கொடுத்த குடியானவர்கள், இவர்களும் அதே பேரால் குறிக்கப்பட்டார்கள். பதிவேட்டில் பேரை மட்டும் பார்த்தால் எஜமானும் கூலியும் ஒன்றுபோலத் தெரிவார்கள். சமத்துவம் என்று ஏமாந்துவிடக் கூடாது. இன்னார் அந்தப் பண்ணையைச் சேர்ந்தவர் என்பதுதான் அந்தப் பேரின் அர்த்தம். பண்ணை இன்னாரைச் சேர்ந்தது என்பதில்லை.

க.நா.சு. தமிழில் 'நிலவளம்' என்று தந்த ஹாம்சனின் நாவலை வாசித்தவர்களுக்கு ஓரிடம் நினைவிருக்கலாம். ஈசாக் காட்டில் தனியாக வந்து நிலம் திருத்துகிறான். பல வருஷம் கழித்து கெய்ஸ்லர் என்ற அதிகாரி பதிவு செய்ய வருகிறார். இடத்துக்குப் பேர் இல்லை. அதிகாரியே 'செல்லன்ரா' என்று ஒரு பேர் வைத்து எழுதிக்கொள்கிறார். பிறகு ஈசாக்கும் பிள்ளைகளும் அந்தப் பேரால்தான் அறியப்படுகிறார்கள். உழைப்பு ஈசாக்கினுடையது, பெயரிடும் அதிகாரம் பதிவேட்டினுடையது. மண்ணைப் பற்றிய நாவல் என்றே இதுவரை வாசித்திருக்கிறோம். பெயரிடுதல் பற்றிய பிரதியாகவும் அதை வாசிக்கலாம்.

5

நகரங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பேர்கள் உறைய ஆரம்பித்துவிட்டன. 1923-இல் வந்த பெயர்ச் சட்டம் அதை நாடு முழுவதற்கும் விதியாக்கியது: குடும்பத்துக்கு ஒரே பேர், அது தலைமுறை தலைமுறையாகத் தொடர வேண்டும், கல்யாணமான பெண் கணவனின் குடும்பப்பெயரை ஏற்க வேண்டும். ஆக, ஹான்ஸ் செத்து நூறு வருஷம் ஆனபிறகும் கொள்ளுப்பேரன் ஹான்சென்தான். கொள்ளுப்பேத்தியும் ஹான்சென்தான், 'ஹான்ஸின் மகன்' என்று பேர் கொண்ட பெண். காரணப்பெயர் ஒரே நாளில் இடுகுறியாகிவிட்டது. ஹான்சென், யோஹான்சென், ஓல்சென் ஆகியவை இன்றும் அந்த நாட்டில் மிகப் பரவலான குடும்பப்பெயர்கள். யாரோ சில ஹான்ஸ்களும் ஓலேக்களும் செத்தும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பண்ணைப்பேர்களுக்கும் இதே கதி. பண்ணையை விட்டுப் போனவர்களும் பண்ணைப்பேரைச் சுமந்துகொண்டு போனார்கள். எழுத்தாளர்களிடமே இதற்கு உதாரணம் இருக்கிறது. ஹாம்சன் பிறந்தபோது க்னூட் பெடர்சென், அதாவது பெடரின் மகன். சிறுவயதில் குடும்பம் வடக்கே ஹாம்சுண்ட் பண்ணைக்குப் போயிற்று. அந்தப் பேரைப் பின்னால் சேர்த்துக்கொண்டார். 1885-இல் ஒரு கட்டுரை அச்சானபோது கடைசி எழுத்து விழுந்துவிட்டது, அதையே அவர் வைத்துக்கொண்டார் என்று சொல்வார்கள். தார்யெய் வேசோஸ் பிறந்தது டெலமார்க்கில் வேசோஸ் பண்ணையில். மூத்த பிள்ளையாக இருந்தும் பண்ணையை ஏற்காமல், எழுதப் போனார். பிறகு வாழ்ந்தது மிட்பே என்ற வேறொரு பண்ணையில். பழைய வழக்கம் நீடித்திருந்தால் நாம் வாசிப்பது தார்யெய் மிட்பேயாக இருந்திருக்கும். தான் மறுத்த நிலத்தின் பேரால்தான் உலகம் அவரை அறிகிறது. அவர் மனைவியான கவிஞர் ஹால்டிஸ் மூரென் வேசோஸின் பேரில் இரண்டு பண்ணைகள் இருக்கின்றன, நடுவில் பிறந்தகத்தினுடையது, கடைசியில் கணவருடையது. நடுப்பெயர் என்று அங்கே சொல்வது இதைத்தான். அது இன்னொரு செல்லப்பெயர் இல்லை, பெரும்பாலும் தாய்வழிக் குடும்பப்பெயர். முகவரி எழுதும்போது இதை முதற்பெயரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

உறைந்த பேரை இளக்க எண்பது வருஷம் பிடித்தது. 1979-இல் திருத்தப்பட்டு 1980-இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, கல்யாணமானாலும் பெண் தன் பேரிலேயே இருக்கலாம் என்பது இயல்பாயிற்று. 2002-இல் இயற்றி 2003 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இன்னும் தள்ளிப் போகிறது. தாய் அல்லது தந்தையின் முதற்பெயரோடு 'சென்', 'தாத்தர்' சேர்த்துப் பழையபடி பேர் வைத்துக்கொள்ளலாம். பிறந்து ஆறு மாதத்துக்குள் பெற்றோர் குடும்பப்பெயரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் குழந்தைக்குத் தாயின் குடும்பப்பெயர் போய்ச் சேரும். இன்னொரு பக்கம், 200 பேரோ அதற்கும் குறைவாகவோ வைத்திருக்கிற குடும்பப்பெயரை வெளியாள் எடுக்க வேண்டுமானால் அதை வைத்திருக்கிற எல்லாரும் சம்மதிக்க வேண்டும். பேர் இங்கே சொத்து. நிலத்திலிருந்து கிளம்பி, நிலத்தை விட்டு, கடைசியில் தானே ஒரு நிலமாகி வேலி போட்டுக்கொண்டது. எண் இருக்கும்போது பேருக்கு ஏன் சட்டம் என்று கேட்டேனே, ஒரு பதில் இதுதான். எண் ஆளைக் கண்டுபிடிக்க. பேர் ஆளை யாருக்குச் சொந்தம் என்று சொல்ல.

6

யாருடைய மொழியில் என்பதும் இதில் இருக்கிறது. நார்வேயின் வடகோடி, 9-இல் தொடங்குகிற எண்களின் பிரதேசம், சாமி என்ற பூர்வகுடிகளின் நிலம் (நம்மூர்ச் 'சாமி' இல்லை). ஃபின்மார்க் பகுதிக்கான 1902-ஆம் ஆண்டு நிலவிற்பனைச் சட்டம், நார்வேஜிய மொழி பேச, படிக்க, எழுதத் தெரிந்த குடிமக்களுக்கே அரசு நிலம் என்றது. நிலத்துக்கும் நார்வேஜியப் பேர் வைக்க வேண்டும். இடத்தின் பேரே ஆளின் பேராகிற ஒரு சமூகத்தில் இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். பேரை விட்டுக்கொடுத்தால்தான் இடம்.

1990-இல் இடப்பெயர்ச் சட்டம் வந்த பிறகு சாமி மொழிப் பேர்களும் அரசுப் பலகைகளில் ஏறின. கோஃபியோர் என்ற இடத்தில் சாலையோரம் நார்வேஜியப் பேரோடு 'காய்வுவோட்னா' என்ற சாமிப் பேரையும் எழுதி வைத்தார்கள். தொண்ணூறுகளில் அந்தப் பலகை திரும்பத் திரும்பத் துப்பாக்கியால் சுடப்பட்டது. ஒரு பெயர்ப்பலகையைச் சுடுகிறவன், அதில் எழுதியிருக்கிற விளி தன்னை நோக்கியது இல்லை என்று சரியாகவே வாசித்தவன்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வாசிப்பு சரியாக இருந்துவிட்டால் வன்முறை இல்லாமல் போய்விடாது.

எழுத்து பற்றி ஒரு வார்த்தை. லோஃபோடென் தீவுகளில் ஒரே எழுத்தால் ஆன ஓர் ஊர் இருக்கிறது. தலையில் சின்ன வட்டம் வைத்த 'ஏ' எழுத்து. ஒலிப்பு நம் 'ஓ' மாதிரி. நார்வேஜிய அகரவரிசையின் கடைசி எழுத்து அதுதான், 1917-இல் இரட்டை 'ஏ'க்குப் பதிலாக அதிகாரபூர்வமாக வந்தது. அந்தச் சொல்லுக்கு ஓடை என்று பொருள். நன்னூல் சொல்கிற நாற்பத்திரண்டு ஓரெழுத்தொருமொழிகளில் 'ஓ'வும் ஒன்று, மதகுநீர் தாங்கும் பலகை என்று அதற்கு உரை சொல்வார்கள். தற்செயல்தான், வேர் தேடிக் கிளம்ப வேண்டாம். ஆனால் உறையில் அந்த வட்டத்தையும், இன்னொரு எழுத்தின் குறுக்குக்கோட்டையும் விட்டுவிட்டால் அது வேறு எழுத்து, வேறு சொல். நம் ஊர்ப்பேரில் ழகரத்தை விழுங்கி எழுதுகிறவர்கள்மேல் நமக்கு வருகிற கோபத்தை நினைத்துக்கொண்டால் போதும்.

7

இனி நண்பரின் பெட்டிக்கு வரலாம். எண்பதுகளில் ஈழத்திலிருந்து போன தமிழர்களில் பலருக்கு முதல் வேலை கிடைத்தது வடகோடி ஃபின்மார்க்கின் மீன் பதனிடும் ஆலைகளில். நண்பரும் மூன்று வருஷம் அங்கே மீன் வெட்டிவிட்டுத்தான் 9-இலிருந்து 0-க்கு வந்தார். தொண்ணூறுகளில் 'சுவடுகள்', 'சக்தி' மாதிரி இதழ்கள் அந்த நாட்டிலிருந்து நமக்கு வந்துகொண்டிருந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தகப்பன் பேரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்வோம், ஒரு தலைமுறையோடு அது தீரும். படிவத்தில் 'குடும்பப்பெயர்' என்ற கட்டம் வந்தபோது அங்கே போனவர்கள் தகப்பன் பேரை முழுசாக விரித்து எழுதினார்கள். அது உறைந்தது. நண்பரின் பெட்டியில் மூன்று பேர்கள் ஒட்டியிருக்கின்றன: அவருடைய அப்பா பேர், மனைவியின் அப்பா பேர், மகளின் குடும்பப்பெயராக அவருடைய சொந்தப் பேர். புதுத் தபால்காரர் ஒருவர் இங்கே மூன்று குடும்பம் இருக்கிறதா என்று கேட்டாராம். "ஒண்டுதான் எண்டு சொன்னன். அந்தாள் நம்பேல்ல" என்று சிரித்தார்.

ஆனால் 1850-இல் ஒரு நார்வேப் பண்ணைவீட்டுக் கதவில் பேர் எழுதி ஒட்டியிருந்தால் அதுவும் இப்படித்தான் இருந்திருக்கும். புருஷன் ஹான்சென், மனைவி ஆண்டெர்ஸ்தாத்தர், பிள்ளைகள் ஓல்சென், ஓல்ஸ்தாத்தர். அந்தத் தபால்காரரின் கொள்ளுத்தாத்தாவுக்கு இது விசித்திரமாகப் பட்டிருக்காது. 'அவர்களுடைய' நவீனத்துக்கு முன்னால் 'நம்முடைய' பழமை வந்து நிற்கிறது என்று இதைப் படிப்பது தப்பு. அவர்கள் மறந்துபோன தங்கள் பழக்கம்தான் தமிழ்ப் பேரில் பெட்டியில் ஒட்டியிருக்கிறது. இப்போதைய சட்டத்திலேயே, முதற்பெயர், குடும்பப்பெயர் என்று பிரிக்காத பண்பாடுகள் உண்டு என்று ஒப்புக்கொள்கிற வாசகம் இருக்கிறது. மகளுக்குப் போன வருஷம் குழந்தை பிறந்தது. அந்த ஆறு மாசக் கெடுவுக்குள் என்ன பேர் கொடுப்பது என்று வீட்டில் பெரிய வாக்குவாதம். நண்பரின் பேர் பேத்திக்கும் தொடர்ந்தால் அவரும் ஒரு ஹான்ஸ் ஆகிவிடுவார். அவருக்கு அதில் இஷ்டமில்லை. மகள் தன் சொந்தப் பேரையே குழந்தைக்குக் குடும்பப்பெயராகக் கொடுத்தாள். தாயின் பேர், மகளுக்கு. நம் வழக்கம், ஆனால் நம் வழக்கத்தில் இல்லாதது.

அவர் சொன்ன இரண்டாவது வாக்கியம் மிச்சமிருக்கிறது. அந்தப் புனைபெயரில் அவர் எழுதியது இலங்கை அரசுக்கு எதிராக மட்டும் இல்லை. இயக்கங்கள் செய்த கொலைகளைப் பற்றியும் எழுதினார். வெளிநாட்டில் இருந்தாலும் அப்படி எழுதுகிறவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்று தேடுகிறவர்கள் இருந்த காலம் அது. அவர் பேர் எல்லாருக்கும் தெரியும், இடம் தெரியாது. இடம் தெரிந்த அக்கம்பக்கத்தாருக்குப் பேர் தெரியாது. பேரையும் இடத்தையும் ஒட்டவிடாமல் வைத்திருந்ததுதான் அவருடைய பாதுகாப்பு. பழைய நண்பரின் நோட்டில் இருந்தது பிழை இல்லை, ஒரு சத்தியம். அதைத்தான் நான் சரிசெய்கிறேன் பேர்வழி என்று அடித்து எழுதியிருக்கிறேன். அந்த இதழ் போய்ச் சேராமல் திரும்பியது நல்லதுக்குத்தான் என்று பட்டது.

போர் முடிந்தது 2009-இல். "இப்ப பயம் எண்டு ஒண்டுமில்லை, தம்பி. பழகிப்போச்சு" என்றார். மன்னிப்புக் கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார். போன மாசம் ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார், இனி இப்படி எழுதுங்கள் என்று: முதல் வரியில் புனைபெயர், இரண்டாம் வரியில் மே/பா போட்டு அப்பாவின் பேர், பிறகு தெருவும் எண்ணும், கடைசியில் பூஜ்யத்தில் தொடங்குகிற அந்த நாலு இலக்கம். மேற்பார்வைக் குறி போட்டால் பெட்டியில் இருக்கிற பேரைப் பார்த்துத் தபால்காரர் போட்டுவிடுவாராம்.

நோட்டில் பழைய வரியை அடிக்கவில்லை. அதன் கீழேயே புதியதை எழுதிவைத்திருக்கிறேன். எனக்குப்பின் இந்த வேலைக்கு வருகிறவர் இரண்டையும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்கட்டும்.